ஹோம்ஸ்கூலுக்குப் பணம் யார் தருவார்? வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் தமிழ்க் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லாருமே எவ்வளவு கிடைக்கும் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இந்தப் பணத்தை வாங்கிய பிறகு, சட்டத்தின் கண்ணில் என் பிள்ளை யார்? மாநிலம் பணம் தரும்போது பெரும்பாலும் பிள்ளை சட்டத்தில் எந்த வகை என்பதையும் மாற்றிவிடுகிறது. கீழே வரும் பதில்களில் பலவும் அதைச் சுற்றியே இருக்கும்.

கேள்வி: இரண்டு பிள்ளைகள், இரண்டாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும். கவுண்டியில் ஹோம்ஸ்கூல் அஃபிடவிட் கொடுத்தாயிற்று. இ.எஸ்.ஏ. கணக்கில் (பிள்ளையின் கல்விச் செலவுக்கு மாநிலம் பணம் போடும் கணக்கு) தலைக்கு 7,000 டாலர் வரும் என்கிறார்கள். உடனே விண்ணப்பிக்கலாமா?
*வாசகி, சாண்ட்லர், அரிசோனா*

தொகை உண்மைதான். சிறப்புத் தேவை இல்லாத பிள்ளைக்கு, ஒன்றாம் வகுப்பிலிருந்து, ஆண்டுக்கு 7,000 முதல் 8,000 டாலர் வரை வரும். கிண்டர்கார்டன் பிள்ளைக்கு அதைவிட நன்றாகவே குறைவு. 2011-இல் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்காகத் தொடங்கிய திட்டம் இது. 2022-இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டார்கள். குடும்ப வருமான வரம்பு இல்லை.

சிக்கல் உங்கள் அஃபிடவிட்டில்தான் இருக்கிறது. அரிசோனா சட்டப்படி ஹோம்ஸ்கூல் பிள்ளை ஒரு வகை, இ.எஸ்.ஏ. பிள்ளை வேறு வகை. இரண்டு பெயரும் ஒரே நேரத்தில் ஒரு பிள்ளைக்கு இருக்க முடியாது. இ.எஸ்.ஏ. ஒப்பந்தத்தில் சேருகிறீர்கள் என்றால் கவுண்டி பள்ளிக் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் கொடுத்த அஃபிடவிட்டைத் திரும்பப் பெற வேண்டும். ஆனால் ஒப்பந்தம் உறுதியாகும் முன்பே அதைச் செய்துவிட்டால், நடுவில் சில வாரம் பிள்ளை எந்தக் கணக்கிலும் இல்லாமல் நிற்கும். விண்ணப்பத்துக்கு ஒப்புதல் வந்து, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அதே நாளில் திரும்பப் பெறும் கடிதத்தையும் அனுப்புங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளை நிதானமாகப் படியுங்கள். வாசிப்பு, இலக்கணம், கணிதம், சமூகவியல், அறிவியல் ஆகிய ஐந்தையும் கற்பிப்பேன் என்பது ஒன்று. பள்ளி மாவட்டத்தைப் பிள்ளைக்குக் கல்வி தரும் கடமையிலிருந்து விடுவிக்கிறேன் என்பது மற்றொன்று. பேச்சுப் பயிற்சியோ வேறு சிறப்புச் சேவையோ மாவட்டத்திடமிருந்து இலவசமாகப் பெற்றுவரும் குடும்பத்துக்கு இந்த இரண்டாவது வரி ஆயிரக்கணக்கான டாலர் சமாச்சாரம். கையில் வரும் தொகையையும் கைவிட்டுப் போகும் சேவையின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டே கையெழுத்திடுங்கள்.

பணம் மொத்தமாக வராது. ஆண்டுக்கு நான்கு தவணை. ஒப்பந்தத்துக்கு முந்தைய தேதியில் வாங்கிய புத்தகத்துக்குப் பணம் கிடைக்காது. ஆகஸ்டில் தொடங்கப்போகும் பாடத்துக்கு ஜூன் மாதமே கடன் அட்டையில் எல்லாம் வாங்கி வைத்துவிட்டு, பிறகு ரசீதை நீட்டுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு.

கேள்வி: மகளின் கர்நாடக சங்கீத வகுப்புக்கு மாதம் 120 டாலர் கொடுக்கிறோம். இ.எஸ்.ஏ.வில் திரும்பக் கேட்டால் ஒவ்வொரு முறையும் நிராகரிக்கிறார்கள். பணம் கொடுத்ததற்கு ஸெல் (Zelle, வங்கி வழிப் பணம் அனுப்பும் சேவை) ஸ்கிரீன்ஷாட் தெளிவாகவே இருக்கிறது.
*வாசகர், ஃபீனிக்ஸ்*

ஸ்கிரீன்ஷாட் பணம் போனதைச் சொல்கிறது. எதற்காகப் போனது என்று சொல்லவில்லை. பார்ப்பவருக்கு அது கொலுவுக்குக் கொடுத்த மொய்யாகவும் இருக்கலாம், கடன் திருப்பியதாகவும் இருக்கலாம்.

பாட்டு டீச்சரிடம் மாதம் ஒரு இன்வாய்ஸ் கேளுங்கள். அதில் இப்படி இருக்கட்டும்: மேலே டீச்சரின் முழுப் பெயர், முகவரி, தொலைபேசி. அடுத்து மாணவியின் பெயர், இ.எஸ்.ஏ. கணக்கில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில். (அம்மு என்றோ செல்லப் பெயரோ எழுதிக் கொடுத்துவிடுவார்கள், கவனம்.) பிறகு “கர்நாடக இசை, தனி வகுப்பு” என்று சேவையின் விவரம். வகுப்பு நடந்த தேதிகள் தனித்தனியாக: செப்டம்பர் 5, 12, 19, 26. வகுப்புக்கு 1 மணி நேரம், மணிக்கு 30 டாலர், மொத்தம் 120 டாலர். கடைசியில் “முழுத் தொகை பெறப்பட்டது” என்ற வரியும் தேதியும். இதோடு ஸெல் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்தால்தான் ஜோடி பொருந்தும். இன்வாய்ஸ் தொகையும் ஸெல் தொகையும் ஒரு டாலர்கூட வித்தியாசப்படக் கூடாது. மூன்று மாதத்துக்குச் சேர்த்து 360 அனுப்பியிருந்தால் இன்வாய்ஸும் 360-க்கே இருக்கட்டும்.

டீச்சரின் தகுதிச் சான்றும் வேண்டும். இசைக் கல்லூரிப் பட்டமோ டிப்ளமோவோ இருந்தால் அதன் நகலை ஒருமுறை வாங்கிக் கோப்பில் போட்டுக்கொள்ளுங்கள். தமிழில் மட்டும் இருக்கும் சான்றிதழுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்துவிடுங்கள். பரிசீலிப்பவர் அதைப் படிக்க முடிய வேண்டுமே.

சுருதிப்பெட்டி, வயலின் போன்ற பொருள் வாங்கும்போது இன்னொரு தாளும் வேண்டும். துணைப் பொருள்கள் ஏதாவதொரு பாடத்திட்டத்தோடு பொருந்த வேண்டும் என்ற கேள்வியை 2024-இல் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் எழுப்பியது. அதன் பிறகு வீட்டில் பயன்படுத்தும் பாடத்திட்டத்தில் அந்தப் பொருள் எங்கே வருகிறது என்று காட்டும் பக்கத்தைக் கையில் வைத்திருப்பதே நல்லது. 2024 டிசம்பரிலிருந்து 2,000 டாலருக்குக் குறைந்த கோரிக்கைகளுக்கு முதலில் பணம், பிறகு தணிக்கை என்று மாற்றினார்கள். வேகமாகப் பணம் வருகிறதே என்று ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தணிக்கையில் தவறென்றால் திருப்பிக் கட்ட வேண்டும், கணக்கையும் நிறுத்திவைப்பார்கள்.

கேள்வி: டெக்சாஸிலும் இப்போது பணம் தருகிறார்களாமே? என் தங்கை பக்கத்துத் தெருவில் இருக்கிறாள், கணிதத்தில் எம்.எஸ்ஸி. என் மகனுக்கு அவள்தான் பாடம் எடுக்கிறாள். அவளுக்குக் கொடுத்ததுபோலவும் ஆகும், ஒரு லேப்டாப்பும் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.
*வாசகி, ஃபிரிஸ்கோ*

கணக்கில் இரண்டு இடம் இடிக்கிறது.

டெக்சாஸ் சட்டம் 2025 மே மாதம் கையெழுத்தானது. 2026-27 கல்வியாண்டிலிருந்து நடைமுறை. நடத்துவது மாநிலக் கணக்காயர் அலுவலகம். தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு 10,000 டாலருக்கு மேல் என்று செய்திகளில் வந்த தொகை உங்களுக்கு இல்லை. ஹோம்ஸ்கூல் பிள்ளைக்கு ஆண்டுக்கு 2,000 டாலர்தான் உச்சம்.

தங்கை விஷயம். பிள்ளைக்கு மூன்றாம் உறவுத் தொலைவுக்குள் வரும் உறவினருக்கு இந்தப் பணத்தைக் கொடுக்கக் கூடாது. டெக்சாஸ் கணக்கில் அம்மா, அப்பா முதல் தொலைவு. தாத்தா, பாட்டி, உடன்பிறந்தவர் இரண்டாவது. சித்தி, அத்தை, மாமா, பெரியப்பா மூன்றாவது. ஆகவே உங்கள் மகனுக்குச் சித்தியான அவர் கோட்டுக்கு உள்ளேதான் நிற்கிறார். மாமன் மகள், பெரியப்பா மகன் போன்றவர்கள் நான்காவது தொலைவு, கோட்டுக்கு வெளியே. நம் வழக்கத்தில் பெரியப்பா மகனை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஆனால் அவரும் நாளைக்கே வந்து உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துப் பணம் வாங்கிவிட முடியாது. ஆசிரியர் அனுபவமோ உரிமமோ காட்டி, குற்றப் பின்னணிச் சோதனை முடித்து, திட்டத்தின் அங்கீகாரப் பட்டியலில் ஏறியிருக்க வேண்டும். முன்கூட்டி அங்கீகாரம் பெற்றவர்களுக்கு மட்டுமே பணம் போகும்.

லேப்டாப்: கணினி வகைச் செலவு ஆண்டுத் தொகையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2,000-இல் 10 சதவீதம் 200 டாலர். விலை குறைந்த குரோம்புக் ஒன்றுக்கு வேண்டுமானால் காணும்.

விண்ணப்பங்கள் பணத்தைவிட அதிகமானால் வரிசை உண்டு. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகள், குறைந்த வருமானக் குடும்பங்கள் முன்னால். கூட்டாட்சி வறுமைக் கோட்டின் 5 மடங்குக்கு மேல் வருமானம் உள்ளவர்கள் கடைசி, அவர்களுக்கென்று மொத்த நிதியில் 20 சதவீதத்துக்கு மேல் போகாது. 2025 கணக்குப்படி நால்வர் குடும்பத்துக்கு அந்தக் கோடு 1,60,750 டாலர். கணவன் மனைவி இருவரும் ஐ.டி. வேலை என்றால் பெரும்பாலும் அந்தக் கடைசி வரிசைதான். வரும் என்று எண்ணிப் பாடத்திட்டத்தை முன்பதிவு செய்யாதீர்கள்.

விசா பற்றிக் கேட்கும் கடிதங்களும் வந்தன. டெக்சாஸ் சட்டம் குடியுரிமை உள்ள பிள்ளையையும், சட்டப்படி நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட பிள்ளையையும் ஏற்கிறது. எச்-4 பிள்ளை என்பதற்காக விலக்கவில்லை. வேறு மாநிலத்துக்கும் இதே விதி பொருந்தும் என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: ஃபுளோரிடாவில் பி.இ.பி. என்று ஒன்று, எஃப்.இ.எஸ்.-யு.ஏ. என்று ஒன்று. என் மகனுக்கு ஆட்டிசம். ஏற்கெனவே மாவட்டத்தில் ஹோம் எஜுகேஷன் பதிவு இருக்கிறது. எதில் போவது?
*வாசகர், டாம்பா*

எஃப்.இ.எஸ்.-யு.ஏ.வில் போங்கள், அது சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான உதவித்தொகை. மருத்துவர் அல்லது உளவியலாளரின் நோயறிதல் சான்றோ பள்ளி எழுதிய தனிப்பட்ட கல்வித் திட்டமோ (ஐ.இ.பி.) இருந்தால் போதும். மாவட்டத்தில் உள்ள பதிவை அப்படியே வைத்துக்கொள்ளலாம். தொகையும் சராசரியாக 10,000 டாலர் அளவில் இருக்கும், தெரபிச் செலவும் அதில் அடங்கும்.

பி.இ.பி. 2023-இல் வந்தது. சிறப்புத் தேவை இல்லாத பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 8,000 டாலர். மாவட்டப் பதிவோடு அது ஒத்துப்போகாது. பதிவை முடித்துக்கொள்ளும் கடிதத்தையும் ஆண்டு மதிப்பீட்டையும் மாவட்டத்துக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஆண்டுதோறும் கற்றல் திட்டம் ஒன்று எழுதித் தர வேண்டும், தரப்படுத்தப்பட்ட தேர்வும் எழுதவைக்க வேண்டும். உங்களுக்கு இளைய பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளைக்கு இதைப் பார்க்கலாம். ஒரே வீட்டில் இரண்டு திட்டம் ஓடுவதில் தவறில்லை. இரண்டு பிள்ளையின் ரசீதையும் ஒரே உறையில் போட்டு வைத்தால்தான் தலைவலி.

கேள்வி: கலிஃபோர்னியாவில் இ.எஸ்.ஏ. கிடையாது. ஆனால் சார்ட்டர் பள்ளி (அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தோடு நடக்கும் பள்ளி) மூலம் 2,500 டாலர் வரை பாடச் செலவுக்குக் கிடைக்கிறது என்று தோழி சொல்கிறாள். பரதநாட்டிய வகுப்புக்கு அதில் கட்டுகிறாளாம். இது இலவசப் பணமா?
*வாசகி, ஃபிரீமான்ட்*

தோழி சொல்வது சரி, ஆனால் அவர் ஹோம்ஸ்கூல் செய்யவில்லை. சட்டப்படி அவருடைய பிள்ளை அரசுப் பள்ளி மாணவர், படிக்கும் இடம் மட்டும்தான் வீடு. தனித்து ஹோம்ஸ்கூல் செய்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1 முதல் 15-க்குள் தனியார் பள்ளி அஃபிடவிட் தாக்கல் செய்கிறார்கள். சார்ட்டரில் சேர்ந்தவர் அதைத் தாக்கல் செய்யக் கூடாது.

பணம் கைக்கு வராது. மேற்பார்வை ஆசிரியர் ஒருவரை ஒதுக்குவார்கள். ஏறக்குறைய 20 பள்ளி நாளுக்கு ஒருமுறை அவரைச் சந்தித்து, பிள்ளையின் வேலை மாதிரிகளைக் காட்ட வேண்டும். என்ன வேண்டுமோ அதை அவர் வழியாகவே ஆர்டர் போட வேண்டும். மாநிலத் தேர்வுகளும் உண்டு. புத்தகம், மைக்ரோஸ்கோப், கணினி போன்றவை பள்ளியின் சொத்து, விலகும்போது திருப்பித் தர வேண்டும். பிள்ளை பெயர் எழுதி அட்டை போட்டுவிட்டால் மனக்கசப்பு.

நாட்டிய டீச்சர் அந்தப் பள்ளியின் வெண்டர் பட்டியலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் காப்பீடு, கைரேகைச் சோதனை, ஒப்பந்தம் என்று அவரே விண்ணப்பிக்க வேண்டும். பல வாரம் ஆகும், ஆகையால் பள்ளி திறக்கும் முன்பே தொடங்கச் சொல்லுங்கள். இன்னொன்று: அரசுப் பணம் என்பதால் மதப் பாடத்துக்குச் செலவழிக்க முடியாது. நடன வகுப்பு சரி, ஆனால் வகுப்பு விவரணையில் “பக்திப் பயிற்சி” என்று எழுதியிருந்தால் ஆர்டர் திரும்பி வரும். டீச்சர் சொல்லிக்கொடுப்பது அலாரிப்பும் ஜதிஸ்வரமும் என்றால் அதையே எழுதட்டும்.

கேள்வி: வீட்டில் நான்தான் ஆசிரியை. டாக்ஸ் தாக்கலில் ஆசிரியர்களுக்கான கழிவை எடுத்துக்கொள்ளலாமா?
*வாசகி, மினியாபொலிஸ்*

முடியாது. அந்தக் கூட்டாட்சிக் கழிவு ஒரு கல்வியாண்டில் 900 மணி நேரமாவது பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்கு. வீட்டில் எத்தனை மணி நேரம் கற்பித்தாலும் அது இதில் சேராது. ஹோம்ஸ்கூலுக்கென்று கூட்டாட்சி வரிச் சலுகை எதுவும் இல்லை.

ஆனால் நீங்கள் இருக்கும் மினசோட்டாவில் மாநில அளவில் நல்ல சலுகை இருக்கிறது, படிவம் எம்1இ.டி. வருமானம் வரம்புக்குள் இருந்தால், தகுதியான செலவில் 75 சதவீதம், பிள்ளைக்கு 1,500 டாலர் வரை திரும்பக் கிடைக்கும். கட்ட வேண்டிய வரியே இல்லை என்றாலும் பணம் வரும். முழுத் தொகைக்கு 2,000 டாலர் செலவுக் கணக்கு வேண்டும். வருமானம் அதிகமென்றால் இன்னொரு வழி, வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்வது: ஆறாம் வகுப்பு வரை 1,625 டாலர், ஏழிலிருந்து பன்னிரண்டு வரை 2,500 டாலர். தாத்தா பாட்டி எடுத்த டியூஷனுக்குக் கொடுத்தது சேராது, மதப் புத்தகமும் சேராது. அக்டோபர் 1-க்குள் மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தர வேண்டிய அறிக்கையைத் தவறவிடாதீர்கள். அது இல்லாமல் நீங்கள் ஹோம்ஸ்கூல் என்பதற்கே ஆதாரம் இல்லை.

சலுகை என்ற சொல்லைக் கேட்டவுடன் மகிழ வேண்டாம் என்பதற்கு இண்டியானா நல்ல உதாரணம். அங்கே பிள்ளைக்கு 1,000 டாலர் கழிவு. மாநில வரி விகிதம் 3 சதவீதத்தை ஒட்டியது. ஆக மிச்சமாவது சுமார் 30 டாலர். ஓஹாயோவில் 250 டாலர் வரை வரியிலேயே நேரடியாகக் கழியும். கழிவா, வரியில் நேரடித் தள்ளுபடியா, கையில் திரும்பி வருவதா என்ற மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் உண்மையான தொகை தெரியும்.

கேள்வி: மகளுக்கு 529 கணக்கில் (வரிச் சலுகையுள்ள கல்விச் சேமிப்புக் கணக்கு) 40,000 டாலர் இருக்கிறது. புதிய சட்டத்தில் ஹோம்ஸ்கூல் புத்தகத்துக்கு எடுக்கலாம் என்கிறார்களே?
*வாசகர், நியூயார்க்*

2025 ஜூலை 4-க்குப் பிறகு எடுக்கும் பணத்துக்குப் பள்ளிப் பருவச் செலவுகளின் பட்டியல் நீண்டிருக்கிறது: பாடத்திட்டம், புத்தகம், இணையப் பாடம், உறவினர் அல்லாத தகுதியுள்ள டியூட்டர், ஏ.பி. போன்ற தேர்வுக் கட்டணம், தெரபி. ஆண்டு உச்சவரம்பும் 2026 முதல் 10,000-லிருந்து 20,000 டாலராகிறது. ஆனால் சட்டத்தின் சொற்கள் “அரசு, தனியார் அல்லது மதப் பள்ளி”யில் படிப்பதோடு இந்தச் செலவைக் கட்டிப்போடுகின்றன. ஹோம்ஸ்கூல் என்ற சொல் அங்கே இல்லை. வீட்டுக் கல்வியைத் தனியார் பள்ளியாகவே நடத்தும் டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் இருப்பவர்களின் வாதம் வலுவானது. உங்கள் மாநிலத்தில் அப்படியில்லை. அதோடு நியூயார்க் பள்ளிப் பருவச் செலவைத் தகுதியான செலவாக ஏற்பதில்லை. முன்பு மாநில வரியில் பெற்ற சலுகையைத் திரும்பக் கேட்கும். கலிஃபோர்னியாவும் கணக்கு ஈட்டிய லாபத்துக்கு வரி போட்டு, மேலே 2.5 சதவீதம் அபராதமும் சேர்க்கும். உங்கள் இடத்தில் அந்த 40,000-ஐத் தொடாமல் கல்லூரிக்கு விடுவதே மேல்.

கேள்வி: எங்கள் மாநிலத்தில் எதுவும் இல்லை. 149 டாலர் கட்டினால் ஹோம்ஸ்கூல் கிராண்ட் வாங்கித் தருவதாக ஒரு இணையதளம் சொல்கிறது.
*வாசகி, பென்சில்வேனியா*

கட்டாதீர்கள். பணம் தருகிறவர் முதலில் பணம் கேட்க மாட்டார். நிதிநெருக்கடியில் இருக்கும் குடும்பங்களுக்குப் பாடத்திட்டம் வாங்க எச்.எஸ்.எல்.டி.ஏ. என்ற ஹோம்ஸ்கூல் சட்டப் பாதுகாப்பு அமைப்பின் கம்பேஷன் பிரிவு உதவித்தொகை தருகிறது. வேலை இழப்பு, நோய், துணையை இழந்த பெற்றோர் போன்ற நிலைகளை விளக்கி, எந்தப் புத்தகம், என்ன விலை என்று பட்டியலோடு விண்ணப்பியுங்கள். “உதவி தேவை” என்று மொட்டையாக எழுதினால் எடுபடாது. இணையக் கட்டணத்துக்கு ஏ.சி.பி. உதவி கிடைக்கும் என்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் பட்டியல்களை நம்பவும் வேண்டாம், அது 2024 ஜூன் 1-இல் முடிந்துவிட்டது.

2027-இலிருந்து கூட்டாட்சி வரித் தள்ளுபடி ஒன்று வருகிறது. நன்கொடையாளர் 1,700 டாலர் வரை உதவித்தொகை அமைப்புக்குக் கொடுத்து அதை வரியில் கழிக்கலாம். மாநிலம் அதில் சேர்ந்தால்தான் அங்குள்ள பிள்ளைகளுக்குப் பயன். உங்கள் மாநிலம் சேர்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருங்கள்.

கேள்வி: அடுத்த ஆண்டு சென்னைக்கே திரும்புகிறோம். அங்கே வீட்டுக் கல்விக்கு அரசு உதவி ஏதாவது?
*வாசகர், அட்லாண்டா*

இங்கே இருப்பதுபோல எதுவும் இல்லை. வருமான வரியில் உள்ள கல்விக் கட்டணச் சலுகை பள்ளிக்கோ கல்லூரிக்கோ கட்டிய முழுநேரப் படிப்புக் கட்டணத்துக்கு மட்டும், அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு. வீட்டில் வாங்கிய புத்தகத்துக்கும் டியூஷனுக்கும் கிடையாது. பிள்ளைக்கு 14 வயது நிரம்பியதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். கட்டணமே தனியார் பள்ளியோடு ஒப்பிட்டால் சொற்பம். மகளென்றால், அல்லது பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறன் பிரிவில் வந்தால் இன்னும் குறைவு. சலுகைக்கான சான்றிதழைப் பதிவின்போதே பதிவேற்ற வேண்டும். புறப்படும் முன் பிள்ளையின் இங்கத்திய மதிப்பெண் பட்டியல், தேர்வு முடிவுகள், பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றிலும் பெயரும் தந்தை பெயரும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் இனிஷியல், ஒன்றில் முழுப் பெயர் என்றால் அங்கே போய் அலைய வேண்டியிருக்கும்.